மகன் யாரிடமும் பேசுவதில்லை, ஜெர்மனியில் நல்ல கிரிக்கெட் அகாடமி எங்கே இருக்கிறது? அவசரம்

கோவைக்காரி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஜெர்மனி வந்து எட்டு வாரம் ஆகிறது. என் மகன் பள்ளியில் யாருடனும் பேசுவதே இல்லை. இடைவேளையில் சுவரோரம் தனியாக நிற்கிறான் என்று டீச்சர் மெயில் அனுப்பியிருக்கிறார், அதையும் மொழிபெயர்ப்பில் போட்டுத்தான் படித்தேன். நேற்று வீட்டுக்கு வந்தவன் பையைக்கூடக் கழற்றாமல் கதவோரமே உட்கார்ந்து அழுதான். ஊருக்குப் போய்விடலாம், தாத்தா வீட்டில் இருந்து படிக்கிறேன் என்கிறான். ஊரில் அவனுக்கு கிரிக்கெட் என்றால் உயிர், பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை காலனி மைதானத்தில்தான் இருப்பான். இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. கணவர் போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஜெர்மனியில் நல்ல கிரிக்கெட் அகாடமி எங்கே இருக்கிறது, மாதம் எவ்வளவு ஆகும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மிட்ஆஃப்:
சகோதரி, முதலில் ஒன்று, நம் ஊரில் இருப்பது போன்ற கிரிக்கெட் அகாடமியை இங்கே தேடாதீர்கள். இங்கே எல்லா விளையாட்டும் ஃபெரைன் என்கிற மன்றங்களுக்குள்தான் நடக்கிறது. ஆனால் கிரிக்கெட் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 2015இல் அகதிகளாக வந்த ஆப்கன் பையன்கள்தான் அதற்குக் காரணம். அதற்கு முன் பெரிய நகரங்களில் மட்டும் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம், அவர்கள் வந்தபின் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. ஊர் கால்பந்து மன்றத்தின் கதவைத் தட்டி, மைதானத்தின் ஓரத்தில் பிட்ச்சாக ஒரு பாய் விரிக்க இடம் கேட்டு, அந்த மன்றத்துக்குள்ளேயே கிரிக்கெட் பிரிவு தொடங்கிய அணிகள் பல உண்டு. நான் மியூனிக்கில் ஆடும் அணியில் ஆப்கன், பாகிஸ்தான், வங்காளம், ஆந்திரா, நான் ஒரு தமிழன், அப்புறம் இரண்டு ஜெர்மானியர்கள். அதில் ஒருவர் எங்கள் ஸ்கோர் எழுதுபவரைத் திருமணம் செய்துகொண்டதால் ஆட்டத்துக்கு வந்தவர், இன்று எங்கள் தொடக்கப் பந்துவீச்சாளர். நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அலுவலகம், அறை, அலுவலகம், அறை என்று மூன்று மாதம் கிடந்தேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதக்குரல்கூடக் கேட்காமல் போகும். ஏப்ரலில் முதல் வலைப்பயிற்சிக்குப் போன நாளில்தான் எனக்கு இந்த நாட்டில் மூச்சே வந்தது. பையனை அங்கே சேருங்கள், வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

ரூர் அண்ணை:
தங்கச்சி, உங்கள் பதிவை வாசித்தபோது எனக்கு 1985 ஞாபகம் வந்துவிட்டது. கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்குப் பக்கம் கடந்து வந்த எங்கள் பெடியன்களில் நானும் ஒருவன். பிறகு எஸன் பக்கம் ஒரு அகதி முகாம். ஒரு அறையில் ஆறு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை, எங்களுக்கு எழுதித் தந்த மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. முகாமுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. புல் கிடையாது, ஆஷ என்று சொல்கிற சிவப்புப் பொடி நிலம், விழுந்தால் முழங்கால் தோல் அப்படியே அங்கே ஒட்டிக்கொண்டுவிடும். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். ஒருநாள் அவர்களுக்கு ஆள் குறைந்துவிட்டது. பயிற்றுநர் வேலிக்கு வந்து விரலைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் உதைபந்து ஆடியவன் நான், ஆனால் என்னிடம் சப்பாத்து இல்லை. ஆரோ ஒருவர் தன்னுடையதைக் கழற்றித் தந்தார்.

அது ஆகக் கீழ்ப்பிரிவு அணி, கிரைஸ்லீகா சி. வெளியூர் ஆட்டம் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால், நான் போக அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். அதற்காக அந்தப் பயிற்றுநர் இரவுவேலை முடித்த கையோடு, நித்திரை கொள்ளாமல் என்னோடு வந்து வரிசையில் நிற்பார். சுரங்கத் தொழிலாளி அவர். இரண்டு தடவை கடிதம் தர மறுத்துவிட்டார்கள், அணி என்னை விட்டுவிட்டுப் போனது, அன்று பின்னேரம் மிச்சம் இருந்த கேக்கை எடுத்துக்கொண்டு முகாமுக்கே வந்தார்கள். 1992இல் என் கலியாணத்துக்கு அந்த அணி முழுவதும் வந்தது, பிறகு அந்தப் பயிற்றுநர் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, மனதைத் தளர விடாதீர்கள்.

ஹாம்பர்க் மழை:
மிட்ஆஃப் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வளர்ந்தவர்களுக்கு கிரிக்கெட் அணி சரி. சின்னப் பையனை அங்கே விட்டால் இந்தியும் ஆங்கிலமும் பேசிக்கொண்டு காலம் போய்விடும், ஜெர்மன் வாயில் வராது, பள்ளியில் அதே சுவரோரம்தான் நிற்பான். என் மகளுக்கு நான் செய்த தவறு அது. முதல் இரண்டு வருடம் நம் ஆட்கள் நடத்தும் வகுப்புகளாகவே தேடித்தேடிச் சேர்த்தேன், பரதநாட்டியம், செஸ், ஞாயிறு தமிழ்ப் பள்ளி. எல்லாமே நல்லவைதான், ஆனால் வகுப்பில் பக்கத்து மேசையில் இருக்கிற பெண்ணின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பிறந்தநாள் விழா நீச்சல் குளத்தில் வைத்தார்கள், இவள் மட்டும் நீந்தத் தெரியாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இங்கே பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஸேபெர்ட்ஷன் என்கிற கடல்குதிரைப் பட்டை வாங்கிவிடுகிறார்கள், பள்ளியிலேயே நீச்சல் பாடம் உண்டு. முதலில் நீச்சலில் சேருங்கள் என்பதுதான் என் பதில். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், இன்றைக்கே பெயர் கொடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்களும் எட்டு வாரமாக அந்த வீட்டுக்குள்தானே இருக்கிறீர்கள்? பார்க்ரன் என்று ஒன்று இருக்கிறது, 2004இல் லண்டனில் ஒரு பூங்காவில் தொடங்கியது, ஜெர்மனியில் 2017 முதல் நடக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தே முடிக்கலாம். கடைசியாக வருபவரோடு கூடவே நடந்துவர ஒரு தன்னார்வலர் இருப்பார். எனக்கு இங்கே கிடைத்த முதல் ஜெர்மன் தோழி அப்படிக் கடைசியில் கூட நடந்து வந்தவர்தான்.

மிட்ஆஃப்:
ஜெர்மன் வராது என்று பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அழுதுகொண்டிருக்கிற பையன் முதலில் சிரிக்க வேண்டாமா? தனக்குத் தெரிந்த ஒரு காரியத்தில் அவன் கெட்டிக்காரன் என்று நாலு பேர் பார்க்க வேண்டும். மொழி தெரியாத இடத்தில் தெரியாத விளையாட்டையும் கொண்டுபோய்த் தலையில் வைத்தால் குழந்தை இரண்டு பக்கமும் தோற்கும்.

ஒன்பதாம் வருடம்:
எல்லோரும் மன்றம் மன்றம் என்று சொல்கிறீர்கள். நான் டேபிள் டென்னிஸ் மன்றத்தில் சேர்ந்தேன். நாலு மாதம். ஹலோ சொல்வார்கள், கை குலுக்குவார்கள், ஆடுவார்கள். பயிற்சி முடிந்ததும் பியர் பாட்டிலோடு உட்கார்ந்து அவர்கள் வட்டார வழக்கில் பேசுவார்கள், ஒரு சொல் புரியாது, எனக்காக ஒரு தடவைகூட மொழியை மாற்றியதில்லை. விலகலாம் என்று கடிதம் கொடுத்தால் வருடக் கடைசி வரை கட்டணம் பிடித்துக்கொண்டார்கள். கால்பந்து ஆட்டக்காரர் ஓசில் நினைவிருக்கிறதா? துருக்கிக் குடும்பம், இங்கே கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர், 2014 உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். 2018இல் ஜெர்மன் அணியிலிருந்து விலகும்போது அவரே எழுதினார், ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்று. அவருக்கே அந்தக் கதி என்றால் நமக்கு என்ன? தமிழ் ஆட்களோடு ஆடுங்கள், மரியாதையோடு இருங்கள்.

பேட்மிண்டன் வியாழன்:
கட்டண விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், ஜெர்மானியர்களுக்கும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். சேரும்போதே எந்தத் தேதிக்கு முன் விலகல் கடிதம் தர வேண்டும் என்று விதிமுறைத் தாளில் பார்த்துவிட வேண்டும். சில மன்றங்களில் அரையாண்டு முடிவில் விலகலாம், சிலவற்றில் ஆண்டு முடிவில் மட்டும்தான். எனக்கு உண்மையில் வலித்தது சாப்பாடுதான். கோடை விழா என்பார்கள், அடுப்பில் எல்லாமே பன்றித் தொத்திறைச்சி, நான் ரொட்டியும் கடுகும் தின்றுவிட்டு வருவேன்.

ஒன்பதாம் வருடம்:
அதேதான். நாலு மாதம் பக்கத்தில் ஆடியவர் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரே இறங்குவதற்குள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்.

டார்ட்முண்ட் தம்பி:
அதற்காகத் தமிழ் அணியே போதும் என்று சொல்லிவிட முடியாது. நான் இங்கே பிறந்து வளர்ந்தவன். வருடா வருடம் நம் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குப் போவோம், சுவிஸ், பிரான்ஸில் இருந்தெல்லாம் அணிகள் வரும், எனக்கு அது திருவிழா. ஆனால் நிர்வாகத்தில் சண்டை வந்தால் இரண்டு சங்கம், அப்புறம் மூன்று சங்கம். எந்த மைதானத்தில் ஆடுவது என்பதை அப்பாக்களின் சண்டை தீர்மானிக்கும்.

ரூர் அண்ணை:
தம்பி சொல்வது எங்கள் தலைமுறையின் குற்றம், மறுக்க மாட்டேன். ஆனால் சொந்த அணி வைப்பதைக் குறைவாகப் பேசக்கூடாது. பெர்லின் க்ரொய்ட்ஸ்பெர்கில் துருக்கித் தொழிலாளர்கள் 1978இல் தொடங்கிய துர்க்கியெம்ஸ்போர் மன்றம் இன்றும் இருக்கிறது. மியூனிக்கில் 1975இல் தொடங்கிய துர்க்குஜு என்கிற துருக்கியர் மன்றம், 2020இல் மூன்றாம் லீகா வரை ஏறியது, குடியேறியவர்கள் தொடங்கிய மன்றம் ஒன்று தொழில்முறை லீகாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தங்கள் சொந்த வீட்டில் நிமிர்ந்து நின்றால்தான் அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டத் தைரியம் வரும். நான் சனிக்கிழமை தமிழ் அணியிலும் ஞாயிறு ஜெர்மன் அணியிலும் பத்து வருடம் ஆடினேன். அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் நான் முழு மனிதனாக இருந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நெக்கார் நடை:
மன்னிக்கவும், இத்தனை பதில் வந்துவிட்டது, அந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறார் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. பையனுக்கு வயது என்ன என்றும் தெரியாது. ஓசில் சொன்னது எனக்கும் வலித்த விஷயம், அதைத் தனியாகப் பேசுவோம்.

கோவைக்காரி, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எந்த ஊர்? பையனுக்கு எத்தனை வயது, எந்த மாதம் பிறந்தான்? பள்ளியில் சாதாரண வகுப்பா அல்லது மொழி கற்பிக்கும் தயாரிப்பு வகுப்பா? கார் இருக்கிறதா? கிரிக்கெட்டில் அவன் என்ன ஆடுவான்? கடைசிக் கேள்வி முக்கியம்.

கோவைக்காரி:
மன்னிக்கவும், பதற்றத்தில் எதுவும் எழுதவில்லை. எஸ்லிங்கனில் இருக்கிறோம், ஸ்டுட்கார்ட் பக்கம். பதினொரு வயது முடிந்துவிட்டது, மார்ச்சில் பிறந்தான். ஃபௌ-கா-எல் (VKL) என்று சொல்கிற தயாரிப்பு வகுப்பில் இருக்கிறான், விளையாட்டுப் பாடத்துக்கும் கலைப் பாடத்துக்கும் மட்டும் மற்ற வகுப்போடு சேர்க்கிறார்கள். கார் இல்லை. அவன் விக்கெட் கீப்பர். ஊரில் கோடை முகாமில் கோச் இவனைத்தான் கீப்பிங் நிற்க வைப்பார். மிட்ஆஃப் அண்ணா, ரூர் அண்ணை, எல்லோருக்கும் நன்றி. அண்ணை எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், அந்தச் சப்பாத்து யாருடையது என்று கேட்டான். எட்டு வாரத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

ரூர் அண்ணை:
இடதுபக்கம் ஆடிய ஒருவருடையது. அவர் அன்று வெறும் காலுறையோடு வெளியே உட்கார்ந்திருந்தார். பிள்ளையிடம் சொல்லுங்கள்.

நெக்கார் நடை:
நான் உங்களுக்கு மூன்று நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறேன். இரண்டு பையன்கள், பன்னிரண்டு வருடமாக இங்கே மன்றங்களில் கிடக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இது நவம்பர். கிரிக்கெட் இங்கே மே முதல் செப்டம்பர் வரை, குளிரில் பெரியவர்கள் ஹாலில் ஏதோ செய்வார்கள், பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அணி இருக்கிற மன்றம் மிகக் குறைவு. ஏப்ரலில் மிட்ஆஃப் சொல்கிற வழியைத் தேடலாம், கட்டாயம் தேடுங்கள், அது அவனுடைய ஆட்டம். ஆனால் அவனை ஐந்து மாதம் காத்திருக்க வைக்க முடியாது.

கால்பந்து எல்லோரும் சொல்வார்கள். பயிற்சிக்கு நாளைக்கே போகலாம், ஆனால் லீக் ஆட்டம் ஆட ஆட்டக்காரர் பாஸ் என்கிற பதிவு அட்டை வேண்டும். பத்து வயதுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளை என்றால் உலகக் கால்பந்து விதிகளின்படி கூடுதல் காகிதம் கேட்பார்கள். பெற்றோர் கால்பந்துக்காக நாடு மாறவில்லை என்று காட்ட வேண்டும். பிள்ளைகளை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த விதி அது, நம்மைக் குறிவைத்தது அல்ல. பாஸ்போர்ட் நகல், முகவரிப் பதிவுச் சான்று, அப்பாவின் வேலைச் சான்று எல்லாம் எடுத்து வையுங்கள், மன்றத்தில் பாஸ் பார்ப்பவர் அனுப்புவார், வாரக்கணக்கில் ஆகலாம். இது தெரியாமல் என் பெரியவன் ஆறு வாரம் பயிற்சிக்குப் போய், சனிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் பெயர் இல்லாமல், தன்னை வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டான். யாரும் அவனிடம் காரணம் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஆறு வாரம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதனால் விக்கெட் கீப்பர் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு வந்த பதில் ஹேண்ட்பால். நம் பக்கம் அது பெரிய விளையாட்டு, பக்கத்தில் இருக்கிற கோப்பிங்கன் அணி ஐரோப்பிய இ.எச்.எஃப் கோப்பையை நாலு முறை எடுத்தது. குளிர்காலம் முழுக்க ஹாலுக்குள்ளேயே ஆட்டம், மழையும் இருட்டும் பிரச்சினை இல்லை. பிடிக்க வேண்டும், எறிய வேண்டும், பந்தோடு மூன்று அடிதான் எடுக்கலாம், அப்புறம் தரையில் தட்டவோ, கொடுக்கவோ, எறியவோ வேண்டும். கால்பந்தில் நாலு வயதிலிருந்து ஆடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் நம் பையன் பந்தையே பார்க்க மாட்டான். கையால் பிடித்து எறிவதில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைக்கு ஒரு படி முன்னாலேயே இடம் உண்டு.

எப்படிப் போவது: உங்கள் பகுதி மன்றத்தின் இணையப் பக்கத்தில் ஹேண்ட்பால், டி-யூகெண்ட் என்று தேடுங்கள், அவன் வயதுக்கு அதுதான் பிரிவு. பயிற்றுநருக்கு இரண்டு வரி எழுதுங்கள், ப்ரோபெட்ரைனிங் வரலாமா என்று, சோதனைப் பயிற்சி, பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை இலவசம். ஹாலுக்குள் வெளிச் செருப்பு, ஷூ எதுவும் கூடாது, தரையில் கோடு விழாத அடியுள்ள ஹால் ஷூ தனியாகப் பையில். தண்ணீர் பாட்டில். பத்து நிமிடம் முன்னால்.

அப்புறம் நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு விஷயம். நம் ஊரில் கோச் கூப்பிடும் வரை ஓரமாக நிற்பதுதான் மரியாதை. இங்கே ஓரமாக நின்றால் விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். என் சின்னவனைப் பற்றி பயிற்றுநர் என்னிடம் அப்படித்தான் கேட்டார், இவனுக்கு இதில் ஆர்வமே இல்லையா என்று, அவனோ ராத்திரி பந்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவன். உள்ளே போனதும் ஒவ்வொருவரிடமும் போய்க் கையைத் தட்டிப் பெயர் சொல்ல வேண்டும். பயிற்றுநரை சார் என்று கூப்பிட வேண்டாம், பெயர் சொல்லி, டூ, அதாவது நீ, போட்டுத்தான் பேசுவார்கள். பந்து வேண்டும் என்றால் கத்த வேண்டும். இந்தச் சொற்களை மட்டும் வீட்டில் கத்திப் பழகச் சொல்லுங்கள்: ஹியர் என்றால் இங்கே எனக்குக் கொடு, ட்சுரூக் என்றால் பின்னால் ஓடு, வெக்செல் என்றால் ஆள் மாற்று, குட் கெமாஹ்ட் என்றால் நன்றாகச் செய்தாய். பத்து சொல் போதும், மீதி ஹாலில் தானாக வரும். வகுப்பறையில் தப்பாகப் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள், ஹாலில் கத்துகிறவனின் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஹாம்பர்க் மழை:
நான் நீச்சல் என்று பிடித்துக்கொண்டேன், இவர் சொல்வது சரி. நீச்சலுக்குப் பெயர் கொடுத்து வையுங்கள், காத்திருக்கும்போது இது நடக்கட்டும்.

ஒன்பதாம் வருடம்:
பிள்ளைகளுக்குச் சரி. பெற்றோருக்கு? அவர்கள் மைதான ஓரத்தில் தனியாகத்தானே நிற்பார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

நெக்கார் நடை:
நானும் முதல் வருடம் தனியாகத்தான் நின்றேன், அதனால் உங்களுக்கு நேர்ந்ததை நம்புகிறேன். எனக்கு எது மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். இங்கே பிள்ளைகளின் பயிற்றுநர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்விட்டு வந்து கிட்டத்தட்டச் சும்மா செய்கிறவர்கள், எஹ்ரன்ஆம்ட் என்பார்கள். நாட்டில் 85,000க்கு மேல் மன்றங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. அதனால் வேலைகள் எல்லாம் பெற்றோர் தலையில் வரும். பட்டியல் போடுவார்கள்: யார் கேக் கொண்டுவருவது, யார் காரில் எத்தனை பிள்ளை, யார் இந்த வாரம் சட்டைகளைத் துவைப்பது, யார் நேரம் பார்க்கிற மேசையில் உட்காருவது. நான் மொழி தெரியாது என்று எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி நின்றேன், அவர்களும் தொந்தரவு செய்யக்கூடாது என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் வருடம் சட்டை துவைக்கிற பட்டியலில் என் பெயரை எழுதினேன். அதற்கு மொழி வேண்டாமே. மறுவாரம் பையைக் கொடுக்க ஒரு வீட்டுக்குப் போனேன், உள்ளே வரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஓரத்தில் நிற்கும்போது பேச விஷயம் இருந்தது, ஏழாம் எண் சட்டை கிழிந்திருக்கிறது என்றாவது பேசலாம். ஒரு மாதம் ஹலோ, அடுத்த மாதம் சட்டை, அப்புறம் அவர்கள் அம்மாவின் மூட்டு வலி வரை வந்துவிட்டோம்.

பேட்மிண்டன் வியாழன்:
வடை கொண்டு போகலாமா? எங்கள் ஹால் போட்டியில் கேக் மேசையில் ஒரு முறை மசால் வடை வைத்தேன், அரை மணியில் தீர்ந்தது.

நெக்கார் நடை:
முதல் தடவை பட்டியலில் கேக் என்று இருந்தால் கேக்கே கொண்டு போகலாம், எதில் முந்திரி, எதில் முட்டை என்று சின்னச் சீட்டு எழுதி வைக்க வேண்டும், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு. இரண்டாம் தடவை கேசரி, வடை எல்லாம். சைவம் என்று பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், இப்போது சைவத் தொத்திறைச்சி எல்லா விழாவிலும் தனித் தட்டில் வைக்கிறார்கள்.

கார் இல்லாதவர்களுக்கு ஒன்று. மற்ற பெற்றோர் காரில் பையனை அனுப்பும்போது உட்காரும் உயரப் பலகையை நீங்களே கொடுத்து அனுப்புங்கள், பன்னிரண்டு வயது முடியாத, 150 சென்டிமீட்டர் தொடாத பிள்ளைகளுக்கு அது சட்டம். இரண்டு யூரோ பெட்ரோலுக்கு என்று நீட்ட வேண்டாம், அடுத்த ஆட்டத்துக்கு ஒரு தட்டு ஏதாவது கொண்டு போங்கள்.

டார்ட்முண்ட் தம்பி:
கட்டணம் பற்றி யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மன்றத்துக்கு மன்றம் மாறும், எங்கள் பக்கம் ஒரு வருடத்துக்கே நூறு யூரோவை ஒட்டித்தான். வோன்கெல்ட் என்கிற வாடகை உதவி அல்லது கிண்டர்ட்சூஷ்லாக் என்கிற பிள்ளைகளுக்கான கூடுதல் உதவி வாங்குகிற குடும்பங்களுக்கு அரசு மாதம் 15 யூரோ தரும், பில்டுங் உண்ட் டைல்ஹாபெ என்று பெயர், விண்ணப்பிக்க வேண்டும். அக்காவுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஆகும்.

கோவைக்காரி:
எல்லோருக்கும் சொல்கிறேன். இன்று வியாழன், பயிற்சிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். மெயில் போட்டேன், அரை மணியில் பதில் வந்தது, வாருங்கள் என்று ஒரே வரி. ஹால் வாசலில் என் கையை விடவே இல்லை, ஷூ மாற்றும்போதும் அழுகை முட்டிக்கொண்டு நின்றான். நான் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதல் கால் மணி நேரம் யாரும் அவனுக்குப் பந்து கொடுக்கவில்லை. அவனும் கத்தவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் ஒரு பையன் வேகமாக எறிந்தது குறி தவறி இவன் பக்கம் தாழ்வாக வந்தது, இவன் பாய்ந்து ஒரு கையால் பிடித்தான், காலனியில் பிடிப்பது போலவே. பயிற்றுநர் விசில் ஊதி நிறுத்தி ஏதோ சொன்னார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கோலில் நிற்க வைத்தார். ஒன்பது கோல் வாங்கினான். வரும் வழியில் பேருந்தில் அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நாளை பள்ளிக்குப் போக வேண்டுமே என்று இன்னும் சொல்கிறான், அது மாறவில்லை. ஆனால் அந்த அணியில் இரண்டு பேர் அவன் பள்ளிதான், ஒருவன் ஆறாம் வகுப்பு பி, இடைவேளையில் எங்கே நிற்பாய் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான்.

கோவைக்காரி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சேர்த்துவிட்டோம். விலகல் தேதியைப் பார்த்துக் குறித்தும் வைத்தேன். பட்டியலில் என் பெயரை எழுதினேன், பதினான்கு சட்டை ஒரு பெரிய நீலப் பையில் இப்போது என் குளியலறையில் இருக்கிறது. நெக்கார் நடை அக்கா, இதை எத்தனை டிகிரியில் போடுவது? பயமாக இருக்கிறது.

நெக்கார் நடை:
நாற்பது. எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்கள் உரிந்துவிடும். மிருதுவாக்கும் திரவம் வேண்டாம், ட்ரையரில் போடவே கூடாது, கம்பியில் தொங்கவிடுங்கள். மடிக்கும்போது எண்ணிப் பாருங்கள், கோல்கீப்பர் சட்டை நீளக்கையோடு தனியாக இருக்கும், அதையும் சேர்த்து. யாராவது ஒருவர் பையில் ஒன்று தங்கியிருக்கும், குழுவில் இன்றே கேட்டுவிடுங்கள், சனிக்கிழமை காலையில் தேட முடியாது. ஆட்டம் எத்தனை மணிக்கு? நான் வருகிறேன்.